மாமா ஒளிந்திருந்த தீவு

நான்காம் வகுப்பின் கடைசி வாரத்தில் எங்கள் டீச்சர், விடுமுறைக்கு யார் யார் எங்கே போகிறீர்கள் என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். கொச்சி, மங்களூர், ஹைதராபாத் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஷார்ஜாவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் தாத்தா வீட்டு ஊர்தான். என் முறை வந்ததும் எழுந்து நின்று "செஷல்ஸ்" என்றேன். டீச்சர் உலக உருண்டையைத் திருப்பி, ஆப்பிரிக்காவுக்கு வலப்பக்கம் நீலத்தின் நடுவே சிந்தியிருந்த சில புள்ளிகளைத் தேடிப்பிடித்து வகுப்புக்குக் காட்டினார். அந்தப் புள்ளிகளில் ஒன்றில் ஒரு தலைநகரம் இருக்கிறது, உலகத்திலேயே மிகச் சின்னத் தலைநகரங்களில் அதுவும் ஒன்று என்றார். நாற்பது பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுவதும் என் தலை கனத்துத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஊர் சுற்றிப் பார்க்க என்று யாரும் விமானம் ஏறியதில்லை. இந்தப் பயணமும் ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. ஆனால் என்னிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கூடவே, "மாமா அங்கதான் இருக்காரு, அவரையும் பாத்துட்டு வருவோம்" என்று அப்பா சொல்லியிருந்தார். இரண்டுமே முழுப் பொய் இல்லை.

மாமா என்றால் அப்பாவின் தங்கை கணவர். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஏசிக் குழாய் பொருத்தும் வேலை. துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் கம்பெனி கேம்ப்பில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். அத்தை ஊரில் இருந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாமா பஸ் பிடித்து ரோலாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வருகிறவர் மற்றவர்களைப் போல வரமாட்டார். அழைப்பு மணி அடிக்கும். கதவைத் திறந்தால் ஆள் இருக்காது. நான் போய்த் தேட வேண்டும். மாடிப்படித் திருப்பத்திலோ, பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னாலோ ஒண்டிக்கொண்டு நிற்பார். நான் கண்டுபிடித்ததும் ஒரு விரலை மூக்கின் மேல் வைப்பார். அதற்கு அர்த்தம், சொல்லக் கூடாது. நான் உள்ளே போய் "யாரும் இல்லம்மா" என்று சொல்ல வேண்டும். சற்று நேரம் கழித்து அவர் பூனை மாதிரி நுழைந்து, சமையலறையில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று இருமுவார். அம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பித் திட்டுவாள். "கலாஸ், ஆட்டம் முடிஞ்சுது" என்று மாமா கையைத் தட்டிவிட்டு இட்லி கேட்பார்.

ஒரு தடவைகூட நான் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. மாமாவுக்கும் என் மேல் அந்த நம்பிக்கை இருந்தது.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கம்பெனி அவரை அந்தத் தீவுக்கு அனுப்பியது. மலைச்சரிவில் ஒரு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷ வேலை. ஒரு வருஷம் கழித்து, தீபாவளிக்கு லீவில் ஊருக்குப் போகும்போது எங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கினார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மணி அடித்தால் லாண்டரிக்காரர்தான்.

அடுத்த வருஷம் நடுவில் அவருடைய போன் நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்பது மாதம். அப்பா கம்பெனிக்குப் போய் விசாரித்தார். வேலை முடிந்துவிட்டது, டிக்கெட் கொடுத்தோம், அவர் விமானம் ஏறவில்லை, இனி எங்களுக்குத் தெரியாது என்றார்கள். "மாஃபி, ஒண்ணும் இல்லைன்னு கைய விரிச்சுட்டான்" என்று அப்பா வந்து அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவரோடு வேலை பார்த்துவிட்டு ஜெபல் அலிக்குத் திரும்பிய ஒருவர் மட்டும், அவர் அந்த ஊரில்தான் எங்கேயோ இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அத்தையை விசிட் விசாவில் வரவழைத்தார். பெரியவர்கள் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டேன்.

"சின்னப் பிள்ளைய எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்றாள் அம்மா. அவள் கிளினிக்கில் நர்ஸ். லீவு கிடைக்கவில்லை.

"இருக்கட்டும். நம்ம யார் பேச்சுக்கும் அவன் எறங்கி வரமாட்டான். இவளப் பாத்தா மனசு எளகும்" என்றார் அப்பா.

எனக்கு அது பாராட்டாகப் பட்டது.

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியபோது கடலிலிருந்து மலை செங்குத்தாக எழுந்து நின்றது. முழுக்கப் பச்சை. ஷார்ஜாவில் வளர்ந்த எனக்குப் பச்சை என்றால் ரவுண்டானா நடுவில் குழாய் போட்டு வளர்த்த புல். இங்கே பச்சை யாரும் கேட்காமலே சுவர், கூரை, கல் எல்லாவற்றின் மேலும் ஏறிக்கொண்டிருந்தது. டாக்ஸியில் போகும்போது மழை பிடித்தது, ஐந்து நிமிஷம் கொட்டிவிட்டு நின்றது, மறுபடி வெயில். இதெல்லாம் எங்களுக்காகப் போட்டுக் காட்டுவது போல் எனக்கு இருந்தது. அத்தை பக்கத்தில் மடியில் ஒரு துணிப்பையை வைத்து அணைத்தபடி வந்தாள். அதில் ரோலாவில் வாங்கிய ஒரு சட்டை இருந்தது, மாமாவுக்கு. இளநீலத்தில் கோடு போட்டது. அளவு சரியாக இருக்குமா என்று கடையில் அப்பாவை நிற்க வைத்து முதுகில் மூன்று முறை வைத்துப் பார்த்திருந்தாள்.

தலைநகரம் என்றதும் நான் துபாயை எதிர்பார்த்தேன். விக்டோரியா என்ற அந்த ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அப்பா ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் நடந்துவிடலாம். நடுவில் ஒரு குட்டி மணிக்கூண்டு, வெள்ளி வண்ணம் அடித்தது. அதைச் சுற்றி வண்டிகள் அவசரமில்லாமல் திரும்பின. தகரக் கூரை போட்ட பழைய மரக் கட்டடங்கள், கீழே கடை, மேலே பலகணி. ஒரு தெருவில் திடீரென்று நம் ஊர்க் கோபுரத்தோடு பிள்ளையார் கோயில். அத்தை அதைப் பார்த்ததும் வண்டியிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கோயில் இருக்கு. அப்ப இங்கதாண்ணே இருப்பாரு" என்றாள். மாமா கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

மலை ஏறும் சாலையில் நீல நிற இரும்புக் கதவு போட்ட ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தோம். அன்றே அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஹோட்டலுக்குப் போனார். கட்டி முடித்து வெள்ளைக்காரர்கள் வந்து தங்க ஆரம்பித்திருந்தார்கள். வாசலில் இருந்த காவலாளி போட்டோவைப் பார்த்துத் தலையாட்டினார். இந்தியர்கள் எல்லாம் போய்விட்டார்கள் என்றார். அப்பா ஆங்கிலத்தில் மேலும் மேலும் கேட்டார். அத்தைக்கு மொழி புரியாமல் என் தோளைத் தட்டித் தட்டி, "என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். "எல்லாரும் போயிட்டாங்களாம் அத்தை."

"எல்லாரும்னா எல்லாருமா?"

"'ஆல் கான்'னுதான் சொன்னாரு."

எனக்குத் துளிக் கவலை இல்லை. மாமாவைத் தேடுவது எனக்குப் பழகிய வேலை. வழக்கமாக மூன்று மாடிக்குள் ஒளிகிறவர் இந்த முறை ஒரு தீவு முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேடுவது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. இவர்களுக்கு விளையாடத் தெரியவில்லை.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழர் மளிகைக் கடை வைத்திருந்தார். பாட்டனார் காலத்தில் வந்த குடும்பமாம். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் துடைத்து வைப்பது போலப் பேசினார். அப்பா போட்டோவை நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். பிறகு, காரணமில்லாமல், என்னைப் பார்த்தார்.

"முன்னாடி வருவார். அரிசி, பருப்பு வாங்குவார். இப்ப வர்றது இல்லை."

"எங்க தங்கியிருக்காருன்னு தெரியுமா?" என்றார் அப்பா.

"அது தெரியாது."

"சின்ன ஊருதானே இது. ஒரு ஆள் இருந்தா தெரியாமலா போகும்?"

கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு சோடா எடுத்துக் கொடுத்தார். அத்தை துணிப்பையிலிருந்த சட்டையை எடுத்துக் கல்லா மேஜையில் வைத்தாள். "அவரு வந்தா இதக் குடுத்துருங்கண்ணே. அவரு வீட்டுக்காரி வந்திருக்கான்னு சொல்லுங்க."

அவர் சட்டையைத் தொடவே இல்லை. "வேண்டாம்மா. நீங்களே வைங்க. நீங்களே கொடுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது போல் இருந்தது. வெங்காயம் விற்கிறவருக்குக் கண் கலங்குவதில் ஆச்சரியம் இல்லை என்று நினைத்தபடி நான் சோடாவைக் குடித்தேன்.

வெளியே வந்ததும் அப்பா போலீசில் சொல்லிப் பார்க்கலாம் என்றார். அத்தை உடனே, "போலீசெல்லாம் வேணாம்ணே. அவருக்கு அசிங்கம்" என்றாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஹோட்டல் வேலை நடக்கிறது, அங்கே இந்திய ஆட்களின் கேம்ப் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அப்பா பஸ் ஏறிப் போனார். "நீ இவளக் கூட்டிட்டுச் சந்தைப் பக்கம் போயிட்டு வா. ரூம்லயே ஒக்காந்து அழுதுக்கிட்டிருக்காத" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில்தான். நடுவில் பெரிய மரம், அதைச் சுற்றி மாடி. கீழே காய்கறி, பழம், பட்டைச் சுருள், மிளகாய் ஊறிய பாட்டில்கள். ஒரு பக்கம் முழுக்க மீன். மீன் பலகைகளுக்கு இடையே வெள்ளைக் கொக்குகள் வீட்டுக் கோழி மாதிரி உலாவின. ஒரு கொக்கு பலகையின் மேலேயே ஏறி நின்று, வெட்டுகிறவரின் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை சீமைப்பலாவைக் கண்டு நின்றுவிட்டாள். நான் கொக்கின் பின்னாலே போனேன்.

அங்கே மாமா நின்றுகொண்டிருந்தார்.

மீசையை எடுத்திருந்தார். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. கொஞ்சம் சதை போட்டிருந்தார். மீன்காரரிடம் அந்த ஊர்ப் பாஷையில் சரளமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மீன்காரர் அதற்குச் சிரித்தார். இடுப்பில் ஒரு குழந்தை. சுருள் சுருளான முடி, தேன் நிறம். கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு. அந்தச் சந்தையில் எத்தனையோ குழந்தைகள் இருந்தன. பொட்டு வைத்தது அது ஒன்றுதான்.

"மாமா" என்றேன்.

திரும்பினார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீ எப்படிடா இங்க?"

"உங்களக் கண்டுபிடிக்கத்தான். நான்தான் ஃபர்ஸ்ட்."

"யாரோட வந்த?"

"அப்பாவோட. அத்தையும் வந்திருக்காங்க. அங்க பாருங்க."

நான் நீட்டிய கையை அவர் சட்டென்று பிடித்துக் கீழே இறக்கினார். பிறகு நான் காட்டிய திசையில் பார்த்தார். இருபது அடி தூரத்தில் அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சீமைப்பலாவைத் தட்டிப் பார்த்து, விரல்களைக் காட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீன்காரர் பையை நீட்டிக் கூப்பிட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

"எளச்சிட்டா" என்றார். அது என்னிடம் சொன்னதல்ல.

ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அத்தை திரும்பியிருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது, தோன்றியது. ஆனால் அதற்குள் மாமா குனிந்து, பழையபடி ஒரு விரலை மூக்கின் மேல் வைத்தார்.

"அத்தைக்கு சர்ப்ரைஸ். நீ சொல்லிட்டீன்னா ஆட்டம் கெட்டுரும். நானே வர்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு. எங்க தங்கியிருக்கீங்க?"

சொன்னேன். மலை ஏறும் சாலை, நீலக் கதவு. திரும்பிப் போகிற விமானம் எப்போது என்று கேட்டார். நாளைக்கு ஈவினிங் என்றேன்.

"அதுக்கு முன்னாடி வந்துர்றேன்."

"ப்ராமிஸ்?"

ஒரு கையில் மீன் பை, ஒரு கையில் குழந்தை. சத்தியம் செய்ய அவருக்குக் கை காலியாக இல்லை. குழந்தையின் கையைத் தன் விரல்களால் பிடித்து எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஈரமான, பிசுபிசுத்த, சின்னக் கை.

"யாரு மாமா இது?"

"ஃப்ரெண்டோட கொழந்தை."

குழந்தை அவர் சட்டைக் காலரை இழுத்து, "பாப்பா, பாப்பா" என்றது. தன்னைத்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறது என்று நினைத்தேன். "நீங்க தமிழ் சொல்லிக் குடுத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். அந்த ஊர்ப் பேச்சில் அப்பாவைத்தான் பாப்பா என்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

மீன் பலகைகளுக்குப் பின்னால் இருந்த வழியாக அவர் வெளியேறினார். வேகமாக நடக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. குழந்தைதான் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

"யாருகிட்டடி பேசிட்டிருந்த?" என்று கேட்டுக்கொண்டு அத்தை வந்தாள்.

"ஒரு பாப்பா அத்தை. க்யூட்டா இருந்துச்சு."

பொய் சொல்லாமலே காப்பாற்றிவிட்டேன் என்று என் மனசுக்குள் ஒரு துள்ளல்.

சாயங்காலம் அப்பா முழங்கால்வரை சேறோடு வந்தார். கேம்ப்பில் யாருக்கும் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றாமல் தரையையே பார்த்தார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் நாளைக்கு எப்படிச் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தையின் காதருகே போய், "நாளைக்கு நல்ல பொடவை கட்டிக்குங்க அத்தை" என்றேன்.

"எதுக்குடி?"

"சும்மா. ஃப்ளைட்ல போறோம்ல."

அத்தை மறுநாள் காலையில் தலைக்குக் குளித்து, மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கட்டினாள். மாமாவைப் பார்க்கும்போது கட்டுவதற்கென்று ஊரிலிருந்து கொண்டு வந்ததாம். பெட்டியிலேயே மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசி நாளில் அதைக் கட்டியதற்கு நான் சொன்னது காரணமா, அவளுக்கே அப்படி ஒரு எண்ணமா, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை. ஊரில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. மாதாகோயில் மணி அடித்தது. நான் ஜன்னலில் ஏறி உட்கார்ந்து நீலக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வந்தது, போனது. ஒரு நாய் வந்தது. பகல் சாப்பாட்டுக்கு இறங்க மறுத்தேன். டாக்ஸி வந்து ஹாரன் அடித்தபோது, எனக்குப் பாத்ரூம் வருகிறது என்று உள்ளே ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எண்ணினேன். நூறு வரை. பிறகு இருநூறு வரை. அப்பா கதவைத் தட்டினார்.

ஏர்போர்ட்டில் நான் ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தேன். "என்னத்தத் தேடுற?" என்று அப்பா அதட்டினார். "ஒண்ணுமில்ல" என்றேன். விமானத்தில் ஏறிய பிறகும் நம்பிக்கை விடவில்லை. நடைபாதையில் முன்னும் பின்னும் போய் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். மாமா எங்கேயும் ஒளியக்கூடியவர். விளக்கு அணைந்து, தீவு ஒரு புள்ளியாகி, அதுவும் மறைந்த பிறகுதான், சரி, ஷார்ஜாவுக்கே வந்துவிடுவார் என்று தீர்மானித்துக்கொண்டேன். அத்தை ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி வந்தாள். பட்டுப்புடவையின் முந்தானை நடைபாதையில் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி ஆட்கள் போனார்கள்.

வந்து பத்து நாள் ஆயிற்று. வீட்டு மணி அடிக்கும்போதெல்லாம் நான் முதலில் ஓடினேன். லாண்டரிக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், மாடி வீட்டு அம்மா. அத்தையின் விசா முடிகிற நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம், அப்பாவும் அம்மாவும் டியூட்டிக்குப் போயிருந்தபோது, அத்தை பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பயம் பிடித்தது. மாமா வரும்போது அத்தை இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு என்ன அர்த்தம்? பெட்டி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"போகாதீங்க அத்தை. மாமா வருவாரு."

"வருவாரு, வருவாரு. எறங்கு."

"நெஜமா. எங்கிட்ட ப்ராமிஸ் பண்ணிருக்காரு."

அத்தை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "எப்ப?"

எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, மீன், மீசை இல்லாதது, நீலக் கதவு. மாமாவைக் காட்டிக்கொடுத்த முதல் தடவை அது. குற்றவுணர்ச்சியில் எனக்கு அழுகை வந்தது. அத்தை திட்டுவாள், கத்துவாள், அப்பாவுக்குப் போன் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"கொழந்த நடக்குதா?"

"இல்ல. இடுப்புலதான் இருந்துச்சு. பாப்பா பாப்பான்னு நல்லாச் சொல்லுது."

"பல்லு?"

"மேல ரெண்டு, கீழ ரெண்டு. சிரிச்சா முயல் மாதிரி இருக்கும்."

அத்தைக்குக் குழந்தை என்றால் ஆசை என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு நினைவிருந்த எல்லாவற்றையும் கொட்டினேன். முடியின் சுருள், தேன் நிறம், கன்னத்தில் வைத்திருந்த பொட்டு. அத்தை கட்டை விரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு என்ன வயது என்று எண்ணுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் பன்னிரண்டுக்கு மேலும் எண்ணிக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதே இடத்தில் நின்றது.

அந்த இடம் எது என்று எனக்குத் தெரிவதற்குப் பல வருஷம் ஆயிற்று. மாமா லீவில் வந்த அந்தத் தீபாவளிக்கு மறுநாள் இரண்டு பேரும் தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அத்தைக்குக் கர்ப்பப்பையில் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தார்கள். மாமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் "அவ வலி தாங்கமாட்டா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அப்போது அந்தத் தீவில் அந்தக் குழந்தை இன்னொருத்தியின் வயிற்றில் மூன்று மாதம், நான்கு மாதம்.

"அப்பாகிட்ட சொன்னியா?" என்றாள் அத்தை.

"இல்ல."

"சொல்ல வேணாம். அம்மாகிட்டயும் வேணாம்."

"அப்ப சர்ப்ரைஸ்?"

"அது நமக்குள்ள இருக்கட்டும்."

அத்தை ஊருக்குப் போனாள். கேட்டவர்களிடமெல்லாம், காண்ட்ராக்டை நீட்டியிருக்கிறார்கள், வருவார் என்றாள். சொந்தக்காரர்கள் முதலில் நம்பினார்கள், பிறகு நம்புவது போல் இருந்தார்கள், பிறகு அவள் இல்லாத இடத்தில் சிரித்தார்கள். அப்பா தூதரகத்துக்கும் கம்பெனிக்கும் வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார். மாப்பிள்ளை கடலில் விழுந்து செத்திருப்பான் என்று கடைசியில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார். நான் வெளியே நின்று கேட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது, எல்லாம் புரிந்திருந்தது. கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவருக்காக இல்லாவிட்டால் இன்னொருவருக்காக வாயை மூடிக்கொண்டு இருப்பதே எனக்குப் பழக்கமாகிப் போயிருந்தது. அப்பா இறந்துபோன பிறகும் அத்தை இருக்கிறாள். மாமாவைப் பற்றி இன்றுவரை எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

அன்று மத்தியானம் அத்தை பெட்டியை மூடிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என்னைத் தரையில் உட்கார வைத்து, தான் கட்டிலில் உட்கார்ந்து எனக்குத் தலை வாரினாள். மிக இறுக்கமாகப் பின்னினாள். வலிக்கிறது என்றேன். அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். அதையும் அவிழ்த்தாள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கும்வரை பின்னுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். என் தலைக்கு மேலே அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தை என்னைத் திட்டவில்லை, கோபம் இல்லை, ஊருக்குப் போகிற பிரியத்தில் விதவிதமாகப் பின்னிப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.